நெல்லிவளவின் முதல் அளவு

நாக்குக்கு அடியில் பஞ்சு இருக்கும்போது மனிதர்களால் பேச முடியாது. இரண்டு நிமிடம். இந்த வேலையில் எனக்குப் பிடித்தது அதுதான் ஐயா. மலையில் மற்ற நேரமெல்லாம் பேச்சு ஓயாது. எந்த பஸ்ஸில் வந்தீர்கள், டீ ஆயிற்றா, கீழே மிளகு என்ன விலை போகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பஞ்சை வைத்ததும் எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிடுவார்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் பெயர் அர்த்தனாரி. வயது நாற்பத்து நான்கு. சொந்த ஊர் சேந்தமங்கலம். பதினெட்டு வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்துவிட்டு, இரண்டு வருடமாகக் கொல்லிமலையில் ஓர் ஆய்வுத் திட்டத்தில் வேலை செய்கிறேன். செம்மேட்டில் வாடகை அறை. தனி ஆள். நர்ஸ் தேன்மொழி மேல் நீங்கள் நடத்தும் விசாரணையில் நான் ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் முழுதாக இல்லை. மீதியைச் சொல்லலாம் என்று வந்தேன். கூப்பிடாமலே வந்திருக்கிறேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எச்சிலில் கோலினெஸ்டரேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. நரம்பு தசைக்கு ஒரு கட்டளை கொடுத்தால், வேலை முடிந்ததும் அந்தக் கட்டளையை அழித்துவிடுவது இந்த வகை நொதிதான். சில பூச்சிமருந்துகள் பூச்சியின் உடம்பில் இதைத்தான் முடக்குகின்றன. மனிதன் உடம்பிலும் அதையே செய்கின்றன, கொஞ்சம் மெதுவாக. முன்பெல்லாம் இதைப் பார்க்க ரத்தம் எடுத்துக் கீழே அனுப்ப வேண்டும். இப்போது அந்தந்த ஊரிலேயே பார்த்துவிடலாம். பஞ்சைப் பிழிந்து, இரண்டு சொட்டுத் திரவம் கலந்து, ஒரு காகிதப் பட்டையில் விட வேண்டும். பத்து நிமிடத்தில் நீலம் ஏறும். நொதி நிறைய இருந்தால் கருநீலம், குறைந்தால் வெளுத்த நீலம். கையளவுக் கருவி ஒன்று அந்த நிறத்தை எண்ணாகக் காட்டும்.

அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. நல்ல ஆரோக்கியமாக இருக்கும் ஒருவருக்கு நூறு வரும், அதே அளவு ஆரோக்கியமான இன்னொருவருக்கு அறுபதுதான் வரும். ஆகவே மருந்தடிக்கும் பருவம் தொடங்கும் முன்பே, உடம்பில் மருந்து படாத நாளில், ஆளுக்கு ஒரு முதல் அளவு எடுத்து வைக்க வேண்டும். பிறகு வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். முதல் அளவிலிருந்து நூற்றுக்கு முப்பது குறைந்தால் அந்த ஆளை மருந்தடிக்க விடக்கூடாது. பாதியாகிவிட்டால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. விதி இவ்வளவுதான்.

மலையில் குண்டூர் நாடு என்கிற பகுதியில் நெல்லிவளவு என்ற ஊர் என் பொறுப்பில் இருந்தது. அங்கே பதினேழு பேர் முதுகில் டேங்க் சுமந்து மருந்தடிக்கிறவர்கள். சுற்றுவட்டாரத்து மரவள்ளிக் காடுகளுக்கெல்லாம் அவர்கள்தான் போவார்கள்; இங்கே அதைக் குச்சிக்கிழங்கு என்பார்கள். மாசி மாதக் கடைசியில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தேன்மொழி அவர்களைக் கூட்டி வைத்தாள். நான் கருவியை எடுத்து வைத்து, யாராவது ஒருவர் எச்சில் கொடுங்கள், காட்டுகிறேன் என்றேன். யாரும் அசையவில்லை. கடைசியில் பொன்னன் எழுந்து வந்தார்.

"ஏனுங்க சார், ரத்தங் கேட்ட ஆபீசரப் பாத்திருக்கறேன். மூத்தரங் கேட்டவங்களையும் பாத்திருக்கறேன். எச்சக் கேட்டு மலையேறுன மொத ஆளு நீங்கதானுங்க" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே அவர் மனைவி சுமதி நின்றிருந்தார். "அந்த வாய ரெண்டு நிமிசம் மூட வெச்சீங்கன்னா உங்களுக்குப் புண்ணியமுங்க சார். பதினாலு வருசமா என்னால ஆவல" என்றார்.

கூட்டமே சிரித்தது. பொன்னனும் பஞ்சை வாயில் வைத்துக்கொண்டே தோள் குலுங்கச் சிரித்தார். பத்து நிமிடம் கழித்துப் பட்டையைத் தூக்கிக் காட்டினேன். வெறும் செயல்விளக்கம் என்பதால் எண்ணைத் தாளில் ஏற்றவில்லை.

ஊரில் கோயில் நோன்புக்குக் காப்புக் கட்ட அன்றைக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. அதற்குள் பதினேழு பேருக்கும் முதல் அளவு எடுத்திருக்க வேண்டும். இரண்டு நாள் வேலை. நான் போகவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் போனபோது எல்லோர் கையிலும் மஞ்சள் கயிறு இருந்தது. ஊர்க்கவுண்டர் செங்கோடன் என்னை வாசலிலேயே நிறுத்தி உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்.

"காப்புக் கட்டியாச்சுங்க சாமி. இனி நோம்பி முடியற வரைக்கும் எங்க வாய்ல இருந்து ஒண்ணும் அசலூராங்க கைக்குப் போவக்கூடாது. மென்ன வெத்தலையக்கூட எங்க எல்லைக்குள்ளதான் துப்போணும். எச்சியும் அப்பிடித்தான. பதனஞ்சு நாளுங்க. காப்ப அவுத்ததும் வாங்க, கொடங்கொடமாத் துப்பித் தாரோம்" என்றார்.

அந்த ஊர் வழக்கம் அது. நான் வற்புறுத்தவில்லை. மற்றவர்களின் நோன்பை மதிக்கத் தெரிந்தவன் நான். வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

காப்புக் கட்டிய மூன்றாம் நாள் கிழங்குச் செடியில் மாவுப்பூச்சி ஏறிவிட்டது. எச்சில் கொடுக்கக் கூடாது என்பதற்கு வழக்கம் இருந்தது. மருந்தடிக்கக் கூடாது என்பதற்கு வழக்கம் இல்லை. பன்னிரண்டு நாள் அடித்தார்கள். கையுறை யாரிடமும் கிடையாது. காப்பு அவிழ்த்த மறுநாள் நான் போனபோது அவிழ்த்த கயிறுகள் கோயில் வேலியில் தொங்கிக்கொண்டிருந்தன. மஞ்சள் போய்ச் சாம்பல் நிறமாக இருந்தன. மருந்து வாடை அடித்தது.

அன்றைக்குத்தான் பதினேழு பேருக்கும் முதல் அளவு எடுத்தேன். பொன்னனுக்கு 52 வந்தது.

தாளில் தேதி எழுதும் இடத்தில் காப்புக் கட்டுக்கு முந்தைய வாரத்தின் தேதிகள் இரண்டைப் போட்டேன். உண்மையான தேதியைப் போட்டால், திட்டத்தை நடத்தும் சேலத்து டாக்டர் அந்த ஊரையே கணக்கிலிருந்து எடுத்துவிடுவார். அவர் என் முன்னாலேயே மற்றவர்களிடம், "அர்த்தனாரி எழுதினா நான் மறுபடி பார்க்கறதில்ல" என்று சொல்லியிருக்கிறார். ஒரு முறை அல்ல, மூன்று முறை. எண்களில் நான் கை வைக்கவில்லை. கருவி என்ன காட்டியதோ அதைத்தான் எழுதினேன். இன்று வரைக்கும் அப்படித்தான்.

அதற்குப் பிறகு வாரா வாரம் போனேன். பொன்னனுக்கு 50 வந்தது. பிறகு 46. பிறகு 41. மற்றவர்களுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. யாருக்கும் நூற்றுக்கு முப்பது குறையவில்லை. மலை முழுதும் இந்தத் திட்டத்தில் ஒருவரைக்கூட நிறுத்த வேண்டியிராத ஒரே ஊர் நெல்லிவளவுதான் என்று டாக்டர் போனில் சொன்னார். அந்த வாரம் நான் நன்றாகத் தூங்கினேன்.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருக்கும். பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து எச்சில் பார்த்துக்கொண்டிருந்தேன். பொன்னன் கடைசி ஆளாகச் சுமதியோடு வந்தார். வழக்கமாக வரும்போதே ஏதாவது சொல்லிக்கொண்டு வருகிறவர், அன்று ஒன்றும் பேசவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. துண்டை வாயருகே பிடித்திருந்தார். எச்சில் வழிந்துகொண்டிருந்தது. கன்னத்துச் சதை தானாகத் துடித்தது. பஞ்சு நனைய எல்லோருக்கும் இரண்டு நிமிடம் ஆகும். அவருக்கு அன்று அரை நிமிடத்தில் நனைந்துவிட்டது. மாதிரியின் தரம் என்ற இடத்தில் 'மிக நன்று' என்று எழுதினேன்.

பட்டை ஊறிக்கொண்டிருந்தபோது தேன்மொழி வந்தாள். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வந்தவள். பொன்னனைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு போன் வெளிச்சத்தை அவர் கண்ணில் அடித்தாள்.

"ஏனுங்கண்ணா, கண்ணுப்பாப்பா ஊசிமொன கணக்கா இருக்குதுங்க. மருந்து ஏறிருச்சாட்ட இருக்குது. வண்டிக்குச் சொல்லட்டுங்களா?" என்று என்னிடம் கேட்டாள்.

எண் வந்திருந்தது. 37. நான் தாளை அவளிடம் கொடுத்தேன். அவள் விரலால் கோடு பிடித்துப் படித்தாள். முதல் அளவு 52, இன்று 37. நூற்றுக்கு இருபத்தொன்பது குறைவு.

"நிறுத்தறதுக்கே இன்னும் ஒரு புள்ளி இருக்குது. ஆஸ்பத்திரின்னா பாதியாக் குறையோணும்" என்றேன்.

"ஆளப் பாத்தா அப்படித் தெரியலீங்களே அண்ணா."

"ஆளப் பாத்துச் சொல்றதுன்னா கருவி எதுக்கு?"

அவள் போனைக் கீழே வைத்தாள். போன மாசியில் கூட்டத்தில் எல்லோரிடமும் அதைச் சொன்னவளே அவள்தான், கருவி சொன்னால் கேளுங்கள் என்று. நான் சுமதியிடம் திரும்பி, காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன்.

"குச்சிக்கெழங்குங்க. நேத்து வேவ வெச்சது."

"கசந்துச்சா?"

"ஒண்ணு ரெண்டு கசக்கத்தாஞ் செய்யும். அதெல்லாம் பாத்தா திங்க முடியுங்களா?"

கசப்புக் கிழங்கு சரியாக வேகாவிட்டால் வாந்தியும் மயக்கமும் வரும். இது நான் கட்டியது இல்லை. மலையில் எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள். தேன்மொழியும் தலையை ஆட்டினாள். எலுமிச்சம்பழம் பிழிந்து உப்பும் சர்க்கரையும் போட்டுக் கொடுக்கச் சொன்னாள். அது எங்கள் இரண்டு பேர் முடிவு என்று போன வாக்குமூலத்தில் சொல்லியிருந்தேன். அப்படிச் சொல்லலாம்.

பொன்னன் தண்ணீரைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "டேங்க் தூக்கலாமுங்களா சார்? பாதிக் காடு நிக்குது" என்றார்.

நான் தாளை இன்னொரு தடவை பார்த்தேன். "தூக்கலாம்" என்றேன்.

"இன்னைக்கு ஒரு நாளு சும்மா கெடங்க சாமி" என்றார் சுமதி.

"சாரே சொல்லீட்டாரு. நீயென்ன பெரிய டாக்டரு? முடிச்சுப்போட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். நேராகத்தான் நடந்தார்.

இரண்டாவது டேங்கில் விழுந்துவிட்டார். ஜீப் கிடைத்து ஏற்றியபோது மணி இரண்டுக்கு மேல். மலையிறங்கும் வழியில், நாற்பதாவது வளைவுக்குப் பக்கத்தில், மூச்சு நின்றது என்றார்கள். அந்த இடத்தில் வண்டியைத் திருப்ப முடியாது. இன்னும் நான்கு வளைவு இறங்கிப்போய், திருப்பிக்கொண்டு வந்தார்கள். எந்த டாக்டரும் அவரைப் பார்க்கவில்லை. பொழுது சாய்வதற்குள் புதைத்துவிட்டார்கள். கிழங்கு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

சுமதி நர்ஸ் மேல் மனுக் கொடுத்தது உங்களுக்குத் தெரியும். கண்ணைப் பார்த்தவள், வண்டிக்குச் சொல்கிறேன் என்று வாய்வரைக்கும் வந்தவள், எலுமிச்சம் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டாள் என்று எழுதியிருக்கிறார். தேன்மொழியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். சுமதிக்கு என் மேல் கோபம் இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். "நீங்க ஒருத்தர்தானுங்க வாரந் தவறாம அவரு எச்சியத் தொட்டுப் பாத்தீங்க. பெத்தவகூட அப்பிடிப் பாக்க மாட்டா" என்று சொல்லி, ஒரு படி மிளகைப் பையில் கட்டிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொன்னால் மனம் நோகும். வாங்கிக்கொண்டேன்.

போன புதன்கிழமை தேன்மொழி என் அறைக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். நானும் எதிரே உட்கார்ந்தேன். வெளியே ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துப் போனது.

"அண்ணா, மாசியில பள்ளிக்கொடத்துல காட்டுனீங்களே. பொன்னண்ணனுக்கு அன்னைக்கு எத்தன வந்துச்சுங்க?"

நினைவில்லை என்றேன்.

"நல்ல கருநீலமா இருந்துச்சுங்க. நான் போட்டோ எடுத்தனுங்கண்ணா. பட்டையையும் மிசினையும் சேத்து."

போட்டோவை அவள் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் போன பிறகு யோசித்தேன். அவள் வாயால் வருவதற்கு முன் என் வாயால் வருவதுதான் முறை என்று பட்டது. மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது அல்லவா.

104 வந்தது ஐயா. அந்த எண் என் மனதை விட்டு ஒரு நாளும் போகவில்லை. காப்பு அவிழ்த்த மறுநாள் 52 வந்தபோதே அது சரிபாதி என்று எனக்குத் தெரியும். விதிப்படி அன்றே அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்க வேண்டும். முந்தின நாள் விருந்து சாப்பிட்டிருப்பார், வெற்றிலை போட்டிருப்பார், அதனால் குறைந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமை 37ஐப் பார்த்தபோது அதையும் சொல்லிக்கொள்ளவில்லை. மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கிறது என்று மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். எச்சில் ஏன் அப்படி ஊறுகிறது, கன்னம் ஏன் துடிக்கிறது என்பது அந்த வராந்தாவில் இருந்தவர்களில் எனக்குத்தான் முழுதாகத் தெரியும். கீழே ஆஸ்பத்திரியில் இதற்கு ஊசி இருக்கிறது என்பதும் தெரியும். தேன்மொழி போனைக் கையில் எடுத்துவிட்டாள். நான் தாளைக் கொடுத்துத்தான் அதைக் கீழே வைக்க வைத்தேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். 104 என்று சொன்னால் 52 எப்படி என்று கேட்பார்கள். அது வந்தால் தேதி வரும். தேதி வந்தால் அந்த இருபத்திரண்டு நாள் வரும். அந்த நாட்களுக்கு என்னிடம் காரணம் இல்லை. மழை இல்லை, காய்ச்சல் இல்லை, பஸ் ஓடியது. நான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தேன். நூலகத்திலிருந்து எடுத்து வந்த தடிமனான புத்தகங்கள் நான்கு. நெல்லிவளவுக்குப் போனால் வீடு வீடாக உட்கார்ந்து பேச வேண்டும். நாளைக்குப் போகலாம் என்று இருந்தேன். ஒவ்வொரு நாளும் அப்படி இருந்தேன். காசு வாங்கியிருந்தால், குடித்துவிட்டுக் கிடந்திருந்தால் அதைச் சொல்வது எளிது. சும்மா இருந்தேன் என்று டாக்டரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பொன்னன் செத்துப்போவார் என்று தெரிந்திருந்தது என்று சொல்ல மாட்டேன். அது மிகையாகிவிடும். சாகக்கூடும் என்று தெரியும். தெரிந்துதான் தூக்கலாம் என்றேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தேன்மொழி மேல் தப்பு இல்லை. அவள் தாளை நம்பினாள்.

மற்ற பதினாறு பேரா? அவர்களுக்கும் முதல் அளவு அதே நாளில் எடுத்ததுதான். அதே தேதிதான் போட்டிருக்கிறது. உங்கள் விசாரணை பொன்னனைப் பற்றியது என்பதால் நான் அதைத் தனியாகச் சொல்லவில்லை. பூச்சி மறுபடியும் ஏறிவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து இரண்டாம் சுற்று அடிக்கிறார்கள். பொன்னன் டேங்கை இப்போது சுமதி தூக்குகிறார். அவருக்கு மட்டும் போன வாரம் முறையாக முதல் அளவு எடுத்து, சரியான தேதி போட்டிருக்கிறேன். அவர் முதல் சுற்று முழுதும் புருஷனுக்கு மருந்து கலக்கிக் கொடுத்தவர், வெறுங்கையால். 44 வந்தது. சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும்.

இந்நேரம் மேலைக் காட்டில் இருப்பார்கள். காலை ஏழு மணிக்கே மருந்தடிக்க இறங்கிவிடுவார்கள்.

ஏன் ஐயா எழுந்துவிட்டீர்கள்? போனை வையுங்கள், நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நேற்று மாலைதான் பதினேழு பேரையும் பார்த்துவிட்டு வந்தேன். ஒருவருக்கும் நிறுத்தும் அளவுக்குக் குறையவில்லை.